அம்பர்ஃபேயார் சரித்திரம்

பிரெஞ்சு மொழியில் ஒரு பெரியவர் இருக்கிறார். பேச்சில் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. ஆனால் இலக்கணப் புத்தகத்தில் அவருக்கு இன்றும் தனி அட்டவணை, தனி மரியாதை. முழுப்பெயர் 'அம்பர்ஃபே து சுப்ஜோங்க்தீஃப்'. ஒவ்வொரு தடவையும் இதைச் சொன்னால் நமக்கு மூச்சு வாங்கும். ஜமீன் ஒழிந்த பிறகும் ஜரிகைத் தலைப்பாகையைக் கழற்றாத ஜமீன்தார் மாதிரியான ஆசாமி என்பதால், 'ஆர்' விகுதி போட்டு அம்பர்ஃபேயார் என்றே அழைப்போம்.

அவருக்கு என்ன உத்தியோகம்? 'அவன் வரவேண்டும் என்று விரும்புகிறேன்' என்கிறோம். நேற்றைய கதை என்றால் 'அவன் வரவேண்டும் என்று விரும்பினேன்'. கடைசி வினை மாறியதோடு நம் ஜோலி முடிந்தது. நடுவிலிருக்கும் 'வரவேண்டும்' தன்பாட்டுக்குச் சும்மா கிடக்கும். பிரெஞ்சில் அது சும்மா கிடக்கக் கூடாது. ஆசை, பயம், சந்தேகம், கட்டாயம் இவற்றுக்குப் பின்னால் வரும் வினை சுப்ஜோங்க்தீஃப் என்ற வேஷம் கட்டியாக வேண்டும். முதலாளி வினை இறந்தகாலத்துக்குப் போனால், பின்னால் வரும் வேலைக்கார வினையும் ஓடிப்போய் இறந்தகால வேஷத்துக்கு மாற வேண்டும். 'வியென்' என்று நின்றவன் 'வேன்' ஆகிவிடுவான். இந்த இரண்டாவது வேஷம்தான் நம் ஆள். இந்த விதிக்குக் காலப் பொருத்தம் என்று பெயர். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்களே இவர்களிடம் கைகட்டி நிற்க வேண்டும்.

ஐயா பிறந்தது பிரான்சில் அல்ல, ரோமாபுரியில். அங்கே அவர் பெயர் 'அமாவிஸ்ஸெம்'. இறந்தகாலத்துக்கும் அப்பால் போன விஷயங்களைப் பற்றி 'அப்படி நேசித்திருந்தால்' என்று ஏங்குகிற உத்தியோகம். பேச்சில் பெயர் தேய்ந்து 'அமாஸ்ஸெம்' ஆனது. உண்மையான இம்பர்ஃபெக்ட் பதவியில் அப்போது இருந்தவர் வேறொருவர், 'அமாரெம்' என்று பெயர். சாம்ராஜ்யம் சரிந்துகொண்டிருந்த அமளியில் நம்மவர் அவரை நாற்காலியிலிருந்து தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்தார். தள்ளப்பட்டவர் சார்தீனியத் தீவில் தஞ்சம் புகுந்து, இன்னமும் அங்கே உயிரோடு இருக்கிறார். ஆக, பிற்காலத்தில் பிரெஞ்சு நாகரிகத்தின் சிகரம் என்று கொண்டாடப்பட்டவர், ஆதியில் அடுத்தவர் வேலையைப் பறித்த பேர்வழி. சகோதரர்கள் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் இன்றும் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள். ருமேனியாவுக்குப் போன ஒருவர் துறையே மாறிவிட்டார். பிரான்சில் இருப்பவருக்குத்தான் உடம்பு வணங்கவில்லை.

பிரான்சிலும் வெகுகாலம் பிழைப்பு நன்றாகவே நடந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அவரைப் பேச்சிலேயே கேட்கலாம். அதே நூற்றாண்டில் பிரெஞ்சுக்குப் பெரிய இலக்கணம் ஒன்றை எழுதிய ஆள் பிரெஞ்சுக்காரரே இல்லை. ஜான் பால்ஸ்கிரேவ் என்ற ஆங்கிலேயர், எட்டாம் ஹென்றியின் தங்கை மேரிக்கு வாத்தியாராக இருந்தவர், 1530இல் அச்சிட்டார். அச்சிட்டவர் என்ன செய்தார் தெரியுமா? மற்ற பிரெஞ்சு வாத்தியார்கள் இதை வாங்கி, படித்து, தன் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, தன் அனுமதியில்லாமல் யாருக்கும் விற்கக் கூடாது என்று அச்சகத்துக்கு உத்தரவு போட்டார். யாரும் வாங்கக் கூடாது என்பதற்காகவே வெளியான நோட்ஸ் உலக சரித்திரத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

1635இல் ரிஷல்யூ கார்டினல் பிரெஞ்சு அகாடமியைத் தொடங்கினார். நாற்பது நாற்காலி. உட்காருகிறவர்களுக்கு 'இறவாதவர்கள்' என்று பட்டம். பேச்சுவார்த்தையிலேயே நாற்பது பேர் உயிரை விடுகிற இடத்துக்கு இந்தப் பட்டம் பொருத்தம்தான். சாசனப்படி அவர்கள் ஓர் அகராதியும் ஓர் இலக்கணமும் எழுத வேண்டும். அகராதி 1694இல் வந்தது. இலக்கணம்? அவசரப்படாதீர்கள்.

அகராதி வேலையில் முக்கியமான ஆள் வோழ்லா. அரசவையில் நல்லவர்கள் எப்படிப் பேசுகிறார்களோ அதுவே நல்ல பிரெஞ்சு என்று 1647இல் புத்தகம் போட்டவர். ஒரே ஒரு லத்தீன் நூலை மொழிபெயர்க்க முப்பது வருஷம் எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் திருத்தி முடிப்பதற்குள் முந்தைய பக்கத்தின் பிரெஞ்சு பழசாகிவிடுமாம். 1650இல் தலைக்குமேல் கடனோடு கண்ணை மூடினார். கடன்காரர்கள் வந்தார்கள், வீட்டிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்களோடு அகராதியின் கையெழுத்துப் பிரதிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். பிரெஞ்சு மொழி ஜப்தி ஆகிவிட்டது. அகாடமி கோர்ட்டுக்குப் போய் வழக்காடித்தான் அதை மீட்டது.

அந்தக் காலத்து இலக்கணக்காரர்கள் சாவதும் ஒரு தினுசுதான். கவிஞர் மலெர்ப் 1628இல் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது, பக்கத்திலிருந்த பணிப்பெண் ஏதோ ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்ல, எழுந்து திருத்தினார் என்பது கதை. பூஊர் பாதிரியார் 1702இல் போகும்போது, 'நான் சாகப் போகிறேன்' என்பதைப் பிரெஞ்சில் இரண்டு விதமாகச் சொல்லலாம், இரண்டும் வழக்கில் உள்ளவையே என்று விளக்கிவிட்டுப் போனாராம். வந்த காலன் வாசலில் குறிப்பெடுத்துக்கொண்டு நின்றிருப்பான்.

இப்படிப்பட்டவர்கள் கையில் அம்பர்ஃபேயார் சிக்கியது அவர் துரதிர்ஷ்டம். அரசவையில் அவருக்கு மவுசு கூடியது. கடைத்தெருவில் குறைந்தது. காரணம் எளிது. அவரைச் செய்கிற முறையே அப்படி: பாஸே சேம்ப்ள் என்கிற எளிய இறந்தகாலத்தில் 'நீ' வடிவத்தை எடுத்து, அதன் வாலில் 'ஸ' ஒட்டவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு வாக்கில் பாரிஸ் ஜனங்கள் அந்த எளிய இறந்தகாலத்தையே பேச்சிலிருந்து கைகழுவத் தொடங்கிவிட்டார்கள். அப்பன் ஊரைவிட்டுப் போனபின் மகன் மட்டும் வாடகை வீட்டில் எத்தனை நாள் இருப்பான்? போதாக்குறைக்கு 'ஃபினிர்' போன்ற ஏராளமான வினைகளில் நிகழ்கால வேஷமும் இறந்தகால வேஷமும் 'ஃபினிஸ்' என்று ஒரே மாதிரிதான் ஒலிக்கும். படர்க்கை ஒருமையில் மட்டும் வித்தியாசம். ஒரே சட்டையை இரண்டு பெயர் சொல்லி எதற்கு வைத்திருப்பது என்று ஜனங்களுக்குத் தோன்றியது நியாயம்தானே.

எல்லாவற்றுக்கும் மேல், சத்தம். 'நேசிக்க' என்ற அழகான 'ஏமே' இவரிடம் வந்தால் 'ஏமாஸ்', 'ஏமாஸ்ஸியோன்'. பிரெஞ்சில் ஒரு பெயர்ச்சொல்லின் வாலில் 'ஆஸ்' ஒட்டினால் அது வசவு. உருப்படாத காகிதக் குப்பைக்குப் 'பாப்பராஸ்' என்று பெயர். அதே வாலைக் காதலுக்கும் ஒட்டினால் காதலி என்ன செய்வாள்? 'முடிந்தால்' என்பது 'ப்யூஸ்' ஆகிறது, தெள்ளுப்பூச்சிக்கும் அதே உச்சரிப்பு. 'பார்த்தால்' என்பது 'வீஸ்', அது திருகாணி. 'தெரிந்தால்' என்பதற்கு வரும் 'ஸ்யூஸ்' வேறொரு வினைக்கும் பொருந்தும், சப்புவது என்று பொருள். சபையில் அதற்குமேல் விளக்க முடியாது. 'கொலை செய்ய' என்ற வினையைத் தன்மைப் பன்மையில் போட்டால் 'அஸஸினஸ்ஸியோன்'. சொல்லி முடிப்பதற்குள் கொலையாளி தப்பித்துவிடுவான். அல்ஃபோன்ஸ் அலே பெயரில் வழங்கும் 'காதல் புலம்பல்' என்ற வேடிக்கைக் கவிதையின் முழு நகைச்சுவையும் இதுதான்: காதலன் வரிக்கு வரி இந்த வடிவத்திலேயே உருகுகிறான்.

எழுத்திலும் ஐயா ஒரு அலங்காரம் செய்துகொண்டார். முன்பெல்லாம் படர்க்கை ஒருமையில் ஒரு 'ஸ்' எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள். 1740இல் அகாடமி தன் அகராதியின் மூன்றாம் பதிப்பில் இந்த மாதிரி ஊமை 'ஸ்'களைக் கூண்டோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முந்தைய உயிரெழுத்தின் தலையில் ஒரு கூம்புத் தொப்பி வைத்தது. இதனால் 'அவன் இருந்தான்' என்பதும் ஃப்யூ, 'அவன் இருக்கவேண்டுமென்று' என்பதும் ஃப்யூ. காதுக்கு இரண்டும் ஒன்று. கண்ணுக்கு மட்டும் தொப்பி. இந்தத் தொப்பி அன்றிலிருந்து பள்ளிப்பிள்ளைகள் மண்டையில் குட்டு விழுவதற்கான அடையாளச் சின்னமாக விளங்கி வருகிறது.

விதிகளைப் பெரிய மனிதர்களே மதிக்கவில்லை என்பது தனிக்கதை. ரசீன் 1667இல் எழுதிய 'ஆந்த்ரோமாக்' நாடகத்தில் முதலாளி வினை நிகழ்காலத்தில் நிற்க, பின்னால் அம்பர்ஃபேயார் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிற ஒரு வரி உண்டு. பள்ளிக்கூடத்து விதிப்படி பிழை. ஆனால் எழுதியது ரசீன். ஆகவே அதற்குள் ஒரு நிபந்தனைப் பொருள் ஒளிந்திருக்கிறது என்று இலக்கணக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வக்காலத்து வாங்கி வருகிறார்கள். அதையே ஒரு எட்டாம் வகுப்புப் பையன் எழுதியிருந்தால் சிவப்பு மை.

1793இல் புரட்சிக்காரர்கள் அகாடமியையே இழுத்து மூடினார்கள். அடுத்த வருஷம் கிரெகுவார் பாதிரியார் ஓர் அறிக்கை வாசித்தார். பிரான்சில் குறைந்தது அறுபது லட்சம் பேருக்குப் பிரெஞ்சே தெரியாது, சுத்தமாகப் பேசுகிறவர்கள் முப்பது லட்சத்தைத் தாண்ட மாட்டார்கள் என்றார். அரசனின் தலையை எடுத்தவர்கள் அம்பர்ஃபேயார் தலையை மட்டும் விட்டுவிட்டார்கள். தலையை மட்டுமா, தொப்பியைக்கூடத் தொடவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐயாவுக்குப் புது ஜமீன் கிடைத்தது, பள்ளிக்கூடம். 1823இல் நொயேல், ஷப்சால் என்ற இருவர் ஓர் இலக்கணப் பாடநூல் போட்டார்கள். இந்தக் காலத்தின் பின்னால் இந்தக் காலம்தான் வரவேண்டும் என்று ரயில்வே கால அட்டவணை போல நெறிப்படுத்தினார்கள். பதிப்புமேல் பதிப்பாக ஓடியது. ஷப்சால் அந்தப் பணத்தில் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு மாளிகையே வாங்கினார். நம்மூர் கோனார் நோட்ஸ் தலைமுறைக்கு இது புரியும். 1842இல் பெஷரெல் சகோதரர்கள் வினைத்திரிபுகளுக்கென்றே கையேடு போட்டார்கள். அந்தக் குடும்பப் பெயர் இன்றைக்கும் பிரெஞ்சுப் பிள்ளைகளின் பைக்குள் இருக்கிறது.

மேலிடத்து நிலைமை எப்படி? 1857இல் மூன்றாம் நெப்போலியனின் அரண்மனையில் பொழுதுபோகவில்லை. எழுத்தாளர் மெரிமே எல்லோருக்கும் ஒரு டிக்டேஷன் கொடுத்தார். பிரெஞ்சு இலக்கணத்தின் சந்துபொந்துகளையெல்லாம் ஒரே பத்தியில் அடைத்த டிக்டேஷன். வழிவழியாகச் சொல்லப்படும் மதிப்பெண் பட்டியல்: சக்கரவர்த்தி 75 பிழை, மகாராணி 62, இளைய டூமா 24. மெத்தர்னிஹ் என்ற ஆஸ்திரியருக்கு 3 பிழைதான். எழுத்தே பிழைப்பான டூமா அவர் பக்கம் திரும்பி, அகாடமிக்கு எப்போது வந்து எங்களுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித்தரப் போகிறீர்கள் என்று கேட்டாராம். சக்கரவர்த்தி யாரையும் நாடுகடத்தவில்லை. பெருந்தன்மை.

1880களில் ழூல் ஃபெர்ரியின் சட்டங்கள் வந்தன. இலவசக் கல்வி, கட்டாயக் கல்வி. இங்கேதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கூத்து நடக்கிறது. தென் பிரான்சில் விவசாயி வீட்டுப் பிள்ளைகள் பேசியது ஒக்சிதான் மொழி. வீட்டுப் பேச்சைப் பள்ளியில் பேசிப் பிடிபட்டால் கழுத்தில் ஒரு கட்டையையோ செருப்பையோ மாட்டிவிடுவார்கள். அடுத்த பிள்ளை பிடிபடும் வரை அதைச் சுமக்க வேண்டும். தமிழில் பேசினால் அபராதம் வாங்குகிற கான்வென்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விஷயம் என்னவென்றால், அந்த ஒக்சிதான் மொழியில் இதே வினை வடிவம் உயிரோடு, திடகாத்திரமாக, மாட்டுத் தொழுவத்திலும் சந்தையிலும் புழங்கிக்கொண்டிருந்தது. 'அவன் வரவேண்டியிருந்தது' என்று அந்தப் பையனின் பாட்டி சொன்னால் காலப் பொருத்தம் கச்சிதமாக இருக்கும். பாட்டியின் உயிருள்ள வடிவத்துக்காக அவனைத் தண்டித்துவிட்டு, பாரிசில் யாரும் பேசாத வடிவத்தை அட்டவணை போட்டு உருப்போட வைத்தார்கள். இதைவிடப் பெரிய மடத்தனத்தைக் கமிட்டி போட்டுத்தான் செய்யமுடியும். கமிட்டி போட்டுத்தான் செய்தார்கள்.

அட்டவணை கப்பலும் ஏறியது. 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த நம் புதுச்சேரியின் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கும் வந்தது, டாக்காருக்கும் போனது. டாக்கார்ப் பக்கம் படித்த செங்கோர் என்ற மாணவர் பாரிசுக்குப் போய், 1935இல் இலக்கணத்திலேயே மிக உயர்ந்த ஆசிரியத் தேர்வில் தேறினார். 1960இல் செனகலின் முதல் ஜனாதிபதி ஆனார். இலக்கண வாத்தியார் கையில் நாடு கிடைத்தால் என்ன ஆகும்? செம்பேன் உஸ்மான் எடுத்த 'செத்தோ' படத்துக்கு அங்கே தடை விழுந்தது. அதிகாரபூர்வமாகச் சொன்ன காரணம், தலைப்பில் 'd' என்ற எழுத்து ஒன்றுக்குப் பதில் இரண்டாக இருக்கிறதாம். படத்தின் உள்ளடக்கம்தான் உறுத்தியது என்று ஊரே பேசியது. ஒற்று மிகுந்ததற்காகத் தடை வாங்கிய படம் வேறு உண்டா? 1983இல் செங்கோரே பிரெஞ்சு அகாடமிக்குத் தேர்வானார். ஆளவந்தவர்களைவிட ஆளப்பட்டவர் இலக்கணத்தில் கெட்டிக்காரர் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்.

பாரிசில் இதற்கிடையே கல்வி அமைச்சகத்துக்கு ஞானோதயம் வந்தது. 1900இல் அமைச்சர் ழார்ழ் லேக் சில இலக்கணச் சலுகைகளை அறிவித்தார். அகாடமி குதித்தது. அமைச்சர் பின்வாங்கி, 1901 பிப்ரவரி 26இல் திருத்திய அரசாணை வந்தது: முதலாளி வினை நிபந்தனை வடிவில் இருந்தால் மட்டும், பரீட்சையில் அம்பர்ஃபேயாருக்குப் பதில் நிகழ்காலத்தைப் போட்டாலும் மார்க் குறைக்க வேண்டாம். வாத்தியார்கள் அந்த அரசாணையைப் பத்திரமாக மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, குறைப்பதைக் குறைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அகாடமியின் இலக்கணம் என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள் அல்லவா? 1932இல் வந்தேவிட்டது. 297 வருஷம்தான் ஆனது. வந்த கையோடு ஃபெர்தினான் ப்ரூனோ என்ற மொழியறிஞர் அதிலுள்ள பிழைகளைப் பொறுக்கி இன்னொரு புத்தகமாகவே வெளியிட்டார். காலப் பொருத்தம் என்று ஒரு விதியே பிரெஞ்சில் இல்லை என்று பத்து வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்த மனிதர் அவர். நம் பவணந்தி முனிவர், பழையது கழிவதும் புதியது புகுவதும் குற்றமில்லை என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நன்னூலில் முடித்துவிட்டுப் போன பிரச்சினை இது. அவருக்கு நாற்பது நாற்காலியும் கிடையாது, அகாடமிக்காரர்களின் பச்சை ஜரிகை அங்கியும் கிடையாது.

1976 டிசம்பர் 28. அமைச்சர் ரெனே அபி கையெழுத்திட்ட அரசாணைப்படி, முதலாளி வினை இறந்தகாலத்தில் இருந்தாலும் பின்னால் நிகழ்கால சுப்ஜோங்க்தீஃபை ஏற்றுக்கொள்ளலாம். பேச்சில் இருநூறு வருஷத்துக்கு முன்பே போய்ச்சேர்ந்தவருக்கு அரசாங்கம் இறப்புச் சான்றிதழ் கொடுத்த நாள் அது. நம் தாலுகா ஆபீஸ் இவ்வளவு தாமதிக்காது.

சான்றிதழ் வாங்கியபின்னும் ஆள் அடங்கவில்லை. 1990இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது 'இ', 'உ' உயிர்களின் தலையிலிருந்த தொப்பிகளை எடுத்துவிடலாம் என்றார்கள். ஆனால் வினைமுடிவுகளில் இருக்கும் தொப்பிக்கு விலக்கு. அதாவது நம்மவர் தொப்பி பத்திரம். 2016இல் பாடநூல்கள் இந்தச் சீர்திருத்தத்தைப் பின்பற்றப் போகின்றன என்று செய்தி வந்ததும், தொப்பியைக் காப்போம் என்று நாடு முழுக்க ஒரே கூச்சல். கூச்சல் போட்டவர்களில் எத்தனை பேர் 'கொலை செய்ய' வினையைத் தன்மைப் பன்மையில் தடுமாறாமல் சொல்லுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அரசியல் மேடையிலும் அவருக்கு ஒரு ரசிகர் இருந்தார். தீவிர வலதுசாரித் தலைவர் ழான்-மரீ லு பென். சாமானியனின் குரல் என்று சொல்லிக்கொண்டு, சாமானியன் வாயில் நுழையாத இந்த வடிவத்தை ஒலிபெருக்கியில் பொழிவதில் பேர்போனவர். கேட்கிறவனுக்குப் புரியாதது மேடைப் பேச்சுக்கு ஒரு தகுதி என்பது பிரான்சுக்கு மட்டும் உரிய சங்கதி இல்லையே.

பத்திரிகைகளில் இப்போது நடப்பது இன்னொரு வேடிக்கை. தேவையான இடத்தில் ஐயாவைப் போடத் தெரியாதவர்கள், கௌரவத்துக்காகத் தேவையில்லாத இடத்தில் தொப்பி வைக்கிறார்கள். 'அவன் இருந்தான்' என்று வெறுந்தலையோடு நிற்கவேண்டிய ஃப்யூவுக்கு மாப்பிள்ளை மாதிரி தலைப்பாகை. விதியைத் தெரியாமல் செய்யும் பிழையைவிட, விதி தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளச் செய்யும் பிழைதான் இன்று அதிகம் கண்ணில் படுகிறது.

பிரெஞ்சு கற்றுக்கொள்ள உட்காருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆறு வடிவத்தையும் உருப்போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ப்ரூஸ்ட் மாதிரி பழைய ஆசாமிகளைப் படிக்கும்போது தலையில் தொப்பியோடு வரும் படர்க்கை ஒருமையை அடையாளம் தெரிந்தால் போதும், பெரும்பாலும் அந்த ஒரு வடிவத்தில்தான் எதிர்ப்படுவார். பேசும்போதும் பரீட்சை எழுதும்போதும் தைரியமாக நிகழ்காலத்தையே போடுங்கள். யாராவது முகம் சுளித்தால் 1976 அரசாணையைக் காட்டுங்கள், அது இன்னும் ரத்தாகவில்லை.